தரையில் படுத்த இம்பாலா

ஒஃபேலியா பர்ராகானின் காரை எங்கள் ஊர் சாந்தா ரூஃபினாவின் போலீஸ் அதுவரை இரண்டு முறை இழுத்துக்கொண்டு போயிருந்தது. மூன்றாவது முறை இழுத்தால் திருப்பித் தரமாட்டார்கள், ஏலத்தில் விட்டுவிடுவார்கள். தொண்ணூற்று ஒன்றாம் வருடத் தொடக்கத்தில் எங்கள் நகரசபை கொண்டுவந்த விதி அது. அப்படியிருந்தும் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் அந்தக் காரைப் பெரிய தெருவுக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். ஏன் வந்தாள் என்பது புரிய வேண்டுமானால் அந்தக் காரைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். எனக்கும் காரைப் பற்றிச் சொல்லப் பிடிக்கும்.

அறுபத்துமூன்றாம் வருட இம்பாலா. இரண்டு கதவு, நீர்ப்பச்சை நிறம், தொழிற்சாலையில் அடித்த அதே பெயின்ட். பானெட் முனையில் மட்டும், இத்தனை வருடம் கையால் தேய்த்துத் தேய்த்துப் பெயின்ட் மெலிந்து, அடிப்பூச்சு நகக்கண் அளவுக்குத் தெரியும். அதை மூடும்படி பலர் சொல்லியிருக்கிறார்கள். ஒஃபேலியா மூடவில்லை. எழுபத்து நான்கில், பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது, இந்த மாதிரிப் பெரிய கார்களை ஊரே வெறுத்தது. எல்லாரும் சின்ன ஜப்பான் கார்களுக்கு ஓடினார்கள். கீரைப் பண்ணை வைத்திருந்த ஒருவர் இந்தக் காரைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிவிட்டு மறந்துபோனார். ஒஃபேலியா அங்கே கீரை கட்டும் வேலையில் இருந்தாள். அவள் முதன்முதலில் கதவைத் திறந்தபோது பின்சீட்டில் நான்கு கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. கோழிகளை இறக்கிவிட்டுக் காரை வாங்கினாள். சீட்டுத் துணியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தாள். துணி இன்னும் அதேதான்.

அவளுடைய மகளுக்கு நான் ஞானத்தகப்பன். அந்த உறவில் எங்கள் மெக்ஸிகோ வழக்கப்படி ஆணைக் கொம்பாத்ரே என்றும் பெண்ணைக் கொமாத்ரே என்றும் கூப்பிடுவோம். எவ்வளவு சண்டை போட்டாலும் 'நீங்க' போட்டுத்தான் பேசிக்கொள்ள வேண்டும். அவள் காரில், எண்ணெய் அழுத்தத்தால் காரை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் வேலையைச் செய்தவன் நான்தான். முன் ஸ்பிரிங் குழியில் ஏற்கெனவே இருந்த துளையைக் கொஞ்சம் அகலப்படுத்தினேன். அதற்காக ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. மற்றபடி அந்தக் காரின் உடம்பில் நான் ஒரு துளைகூடப் போடவில்லை. டிக்கிக்குள் பம்ப்புகளும் பேட்டரிகளும் உட்காரும் சட்டத்தைக்கூட, காரில் இருந்த பழைய போல்ட்டுகளிலேயே மாட்டினேன். கழற்றினால் கார் அப்படியே பழையபடி நிற்கும்.

ஹைட்ராலிக் எதற்கு என்று கேட்பீர்கள். மெக்ஸிகோவிலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்களுக்குக் கார் தாழ்வாக, மெதுவாகப் போக வேண்டும். அது ஐம்பதுகளிலேயே தொடங்கிய பழக்கம். முதலில் டிக்கியில் மணல் மூட்டை அடுக்கித் தாழ்த்தினார்கள். பிறகு ஸ்பிரிங்கை வெட்டினார்கள். அப்போது ஒரு சட்டம் வந்தது: காரின் எந்தப் பாகமும் சக்கரத்தின் இரும்பு விளிம்பைவிடத் தாழ்ந்து இருக்கக் கூடாது. எழுதியது யாருக்காக என்று எல்லாருக்கும் தெரியும். வெட்டிய ஸ்பிரிங் மறுபடி வளராது. அதனால் யாரோ யோசித்தார்கள்: போலீஸ் வரும்போது மட்டும் உயர்ந்து, போன பிறகு தாழ்கிற கார் இருந்தால்? யுத்தம் முடிந்து கழித்துப்போட்ட விமானங்களின் பாகங்கள் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடந்தன. சிறகையும் சக்கரத்தையும் அசைக்கிற பம்ப்புகள். அவற்றைக் காருக்குள் மாட்டினார்கள்.

வேலை செய்கிற விதம் ரொம்ப எளிது. ஒவ்வொரு சக்கரத்தின் ஸ்பிரிங் மேலும் ஒரு சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். டிக்கியில் பம்ப், முன் சக்கரங்களுக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று. சுவிட்சைத் தட்டினால் பேட்டரி பம்ப்பைச் சுழற்றும், பம்ப் எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் சிலிண்டரை நீட்டும், கார் எழும். பம்ப் நின்ற பிறகு எண்ணெய் ஏன் திரும்பி வராது? வழியில் ஒரு ஒருவழி வால்வு இருக்கிறது. உள்ளே ஒரு எஃகுக் குண்டு, அதற்குப் பின்னால் ஒரு குட்டி ஸ்பிரிங். போகிற எண்ணெய் குண்டைத் தள்ளிவிட்டுப் போகும். திரும்ப நினைக்கிற எண்ணெய் அதே குண்டைத் துளையில் அழுத்தி, தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். சுண்டுவிரல் நகமளவு குண்டு ஒரு காரின் எடையை ராத்திரி முழுக்கத் தாங்கும். இறக்க வேண்டுமானால் வேறொரு வால்வைத் திறந்தால் போதும். மோட்டார் வேண்டாம், காரின் எடையே எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பிவிடும். இதை நான் யாருக்குச் சொன்னாலும் அந்தக் குண்டு வரும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவ்வளவு அழகான விஷயம்.

ஒஃபேலியாவின் கார் முதல் தடவை பிடிபட்டது, எண்ணெய்க் குழாய் வெடித்து நடுத்தெருவில் தாழ்ந்துவிட்டதால். இரண்டாம் தடவை, எங்கள் கார்களை மேயர் 'உருளும் குப்பைத்தொட்டிகள்' என்று சொன்ன மறுநாள், அவள் நகரசபை வாசலில் கொண்டுபோய் வேண்டுமென்றே தரையில் இறக்கி நிறுத்தியதால்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஒருவர் அவள் வீட்டு முற்றத்துக்கு வந்தார். ஹால்டேன் என்று பெயர், பக்கத்து மாவட்டத்தில் கார் அருங்காட்சியகம் நடத்துகிறவர். ஒஃபேலியா முழங்காலில் உட்கார்ந்து சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் லாரி ஓட்டிக்கொண்டு அரிசோனா பக்கம் போயிருந்தார். கணவரின் தம்பி நாச்சோ வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். நான் டிக்கிக்குள் இருந்தேன்.

"மிசஸ் பர்ராகான், அசல் பெயின்ட்டோட, அசல் சீட்டோட ஒரு அறுபத்துமூணு இம்பாலாவ நான் பல வருஷமா தேடிட்டிருக்கேன்" என்றார் ஹால்டேன். மரியாதையான மனிதர், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேசினார். "எங்க கூடத்துல வைக்கலாம். ஏசி உண்டு, நல்ல விளக்கு உண்டு. உங்க பேரையும் போடுவோம். இந்த ஹைட்ராலிக்க மட்டும் எடுத்துடணும். நகரசபைல பேசிட்டேன். காரக் குடுத்துட்டீங்கன்னா உங்க பேர்ல இருக்கற ரெண்டு கேஸையும் எடுத்துடுவாங்க."

"ஆயில் எப்பெப்ப மாத்துவீங்க?" என்று கேட்டாள் ஒஃபேலியா.

"ஆயிலா? ஸ்டார்ட்டே பண்ணமாட்டோமே. பாதுகாக்கறதுன்னா தொடாம வச்சிருக்கறதுதான்."

இந்த இடத்தில் நான் டிக்கியிலிருந்து தலையை நீட்டி விளக்க ஆரம்பித்தேன். ஓடாத காரில் ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்து உள்ளே துருவாக்கும். பெட்ரோல் கோந்தாகி இறுகும். எண்ணெய் எல்லாம் அடியில் வடிந்து, மேலே உலோகம் வறண்டு நிற்கும். பார்க்கப் புதிதாக இருக்கும், உள்ளே—

"கொம்பாத்ரே, நீங்க கொஞ்சம் இருங்க" என்றாள் ஒஃபேலியா. "ஹால்டேன் சார், இதுக்குள்ள கோழி முட்டை போட்டுக்கிட்டிருந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

ஹால்டேன் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார்.

"உங்களுக்கு வேண்டாம்னுதானே தூக்கிப் போட்டீங்க? நாங்க எடுத்தோம். இந்தத் தெருவுல ஓடற ஒவ்வொரு காரும் யாரோ தூக்கிப் போட்டது. பதினேழு வருஷமா நான் இத ஓட்டறேன். ஓட்டினதாலதான் இருக்கு. நீங்க சொல்றது பாதுகாப்பு இல்ல, சவப்பெட்டி. ஏசி போட்ட சவப்பெட்டி."

"அண்ணி, விளக்கு வேற போடறாராம்" என்றான் நாச்சோ.

ஹால்டேன் தொப்பியை மாட்டிக்கொண்டார். கோபப்படவில்லை. "அடுத்த தடவ பிடிச்சாங்கன்னா ஏலத்துல நானேதான் எடுப்பேன் மேடம். எப்படியும் அது என் கூடத்துக்குத்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் ஒஃபேலியா விட்ட இடத்திலிருந்து கம்பியைத் துடைக்கத் தொடங்கினாள். "ஞாயித்துக்கிழமை போறோம்" என்றாள்.

"ஒரு மாசம் விட்டுப் போலாமே கொமாத்ரே" என்றேன். "மூணாவது தடவையாச்சே."

"ஒரு மாசம் வீட்டுல நின்னா அது அவரோட கூடம்தானே? ஏசி மட்டும் இல்ல."

நான் மறுபடி டிக்கிக்குள் குனிந்தேன்.

ஞாயிறு சாயங்காலம் பெரிய தெரு நிறைந்திருந்தது. எங்கள் கார்ப் பிரியர் சங்கத்துக் கார்களும் மற்ற ஊர்ச் சங்கங்களின் கார்களுமாக ஒரு தடம் முழுக்க வரிசை. பின் கண்ணாடியில் சங்கத்தின் பெயர்ப்பலகை. நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்ட குடும்பங்கள், சுட்ட சோளத்தில் எலுமிச்சையும் மிளகாய்ப் பொடியும் தேய்த்து விற்கிற வண்டி. ஒஃபேலியா ஓட்டினாள், நான் பக்கத்தில், நாச்சோ பின்சீட்டில். காரை நல்ல உயரத்திலேயே வைத்திருந்தாள். அன்றைக்கு இறக்கிக் காட்டுகிற எண்ணம் அவளுக்கு இல்லை. அடுத்தவர்கள் அதைக் கேலி செய்தார்கள்.

"என்னக்கா, டிராக்டர்ல வந்துட்டீங்களா?" என்று பக்கத்து பியூக் காரிலிருந்து ஒருவன் கத்தினான்.

"ஆமாண்டா, உங்கப்பன் வயல உழுதுட்டு நேரா வரேன்."

ரொட்டிக் கடை முனையில் போலீஸ்காரர் டுவையர் நின்றுகொண்டிருந்தார். சக்கர விளிம்பின் உயரத்துக்குச் சரியாக ஒரு மரக்கட்டையை அறுத்து வைத்திருப்பார். சந்தேகப்படுகிற காரின் அடியில் அந்தக் கட்டையைத் தள்ளுவார். மறுபக்கம் வழுக்கி வந்தால் போகலாம், இடித்தால் மாட்டினீர்கள். கையைக் காட்டி எங்களை ஓரம் நிறுத்தச் சொன்னார்.

"மிசஸ் பர்ராகான். மூணாவது தடவ."

"ரெண்டு தடவ. இன்னிக்கு இன்னும் ஒண்ணும் ஆகல சார்."

அவர் குனிந்தார். நான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன், முன்பக்கம் புறப்பட்டபோது இருந்த உயரத்தில் இல்லை. கட்டை முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில் இடித்து நின்றது.

"தாழ்ந்திருக்கு" என்றார் டுவையர்.

"இருங்க" என்று ஒஃபேலியா சுவிட்சைத் தட்டினாள். பம்ப் உறுமியது, முன்பக்கம் எழுந்தது. "இப்ப பாருங்க."

டுவையர் மறுபடி மண்டியிட்டுக் கட்டையை வைத்தார். தள்ளுவதற்குள் கார் மெல்ல, பெருமூச்சு விடுவதுபோல, அவர் கட்டையின் மேல் இறங்கியது. நடைபாதையில் யாரோ சிரித்தார்கள்.

"ஏத்துங்க."

ஏற்றினாள். அவர் குனிந்தார், அது இறங்கியது. இப்போது நடைபாதையே சிரித்தது. டுவையரின் காது சிவந்துவிட்டது.

"என்னக் கிண்டல் பண்றீங்களா?"

"நான் பண்ணல சார், அதுதான் பண்ணுது" என்றாள். சொன்னது நிஜம், ஆனால் முகம் வெளுத்திருந்தது.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏறுகிறது, ஆகவே பம்ப் சரி, பேட்டரி சரி. நிற்கவில்லை, ஆகவே எண்ணெய் திரும்பி ஓடுகிறது. முன் பம்ப்பின் ஒருவழி வால்வில் குண்டு சரியாக உட்காரவில்லை. குண்டுக்கும் துளைக்கும் நடுவில் என்னவோ சிக்கியிருக்கிறது. அவள் சுவிட்சை விடாமல் அழுத்திப் பிடித்தாள். கார் உயரத்திலேயே நின்றது. ஆனால் ஓரிரு விநாடி ஓடுவதற்காகச் செய்த மோட்டார் அது. டிக்கியிலிருந்து கம்பி கருகுகிற வாசனை வந்தது.

"விடுங்க கொமாத்ரே! மோட்டார் போயிடும்!"

விட்டாள். கார் இறங்கியது. டுவையர் ரேடியோவை எடுத்து இழுவை வண்டியைக் கூப்பிட்டார்.

"சார், ஒரு வால்வுதான். இங்கயே கழட்டித் துடைச்சுப் போட்டுடறேன்" என்றேன். "ஆனா கழட்டறதுக்கு முன்னாடி காரை முழுசா தரைல இறக்கியாகணும். எடை மேல இருக்கறப்ப குழாயத் திறந்தா எண்ணெய் பீச்சி அடிக்கும், கண்ணே போயிடும். அதனால—"

"தாழ்ந்திருக்கற காரை இன்னும் தாழ்த்தணுங்கறியா?"

"ஆமா சார், ஏத்தணும்னா முதல்ல படுக்க வைக்கணும்."

"அத ஏலத்துல எடுக்கறவன் பாத்துப்பான்."

இழுவை வண்டி தூரத்தில் மஞ்சள் விளக்கோடு வந்துகொண்டிருந்தது. ஒஃபேலியா அதைப் பார்த்தாள். பிறகு ஸ்டியரிங்கை. அதன் ஹாரன் வளையம் ஒரு இடத்தில் தேய்ந்திருக்கும், அவள் கட்டைவிரல் வைக்கிற இடம். என்ஜினை அணைத்தாள். சாவியை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். பின்பு எல்லா சுவிட்சுகளையும் கீழ்ப்பக்கம் அழுத்தினாள். நான்கு மூலையிலும் எண்ணெய் சீறிக்கொண்டு திரும்பியது. இம்பாலா முழுசாகத் தரையில் படுத்தது. அடிச்சட்டம் தாரில் உட்காரும் சத்தம் எனக்கு இருக்கையில் கேட்டது.

"என்ன பண்றீங்க?" என்று கேட்டார் டுவையர்.

"தாழ்ந்திருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. அரைகுறையா எதுக்கு? இழுத்துட்டுப் போங்க."

இழுவை வண்டிக்காரர் லைல் ஊருக்கே தெரிந்தவர், பெருத்த உடம்பு, நிதானமான ஆள். இறங்கி வந்தார். காரைச் சுற்றி நடந்தார். பம்பரின் முன்னால் குனிந்து, தரைக்கும் அதற்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இதுக்கு அடியில எத விடறது டுவையர்? என் பர்ஸ்கூடப் போகாது. இத்தனைக்கும் அதுல ஒண்ணுமே இல்ல."

"ஜாக்கி வச்சுத் தூக்கு."

"ஜாக்கி உள்ள போக இடம் வேணுமே? சங்கிலி போட்டு இழுத்தா பம்பர் என் கையோட வரும், காரு இங்கயே இருக்கும். ஒண்ணு பண்ணலாம். பக்கவாட்டுல நெம்பி, கட்டை குடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா தூக்கணும். நேரம் ஆகும். முன்னாலயும் பின்னாலயும் இடம் வேணும்."

சொல்லி முடிப்பதற்குள் முன்னால் நின்ற எல் கமீனோ கார் பின்பக்கமாக நகர்ந்து வந்து, எங்கள் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. 'ஸ்ஸ்' என்று சத்தம். அதுவும் தரையில் படுத்தது. பின்னால், டிராக்டர் என்று கேலி செய்தவனின் பியூக் நெருங்கி வந்து படுத்தது. அதற்குப் பின்னால் ஒரு மான்ட்டி கார்லோ. அந்தச் சீறல் தெருவில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. நான் சொன்னேனே, இறங்குவதற்கு மோட்டார் வேண்டாம். வால்வைத் திறந்தால் போதும். பார்வைக்கு எட்டிய வரை ஒரு தடம் முழுக்கக் கார்கள் தரையில் கிடந்தன. இழுவை வண்டிக்குப் பின்னால்கூட ஒன்று படுத்துவிட்டது.

இது விளையாட்டில்லை. அவர்களில் பலருக்கு ஏற்கெனவே ஒரு கேஸ் இருந்தது. எல் கமீனோக்காரருக்கு இரண்டு. அவர் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே தொங்கவிட்டபடி சொன்னார், "சார், இங்கயும் ஒரு கட்டையப் போட்டுப் பாருங்க. அவங்க கார் மட்டுந்தான் தாழ்ந்துதா?"

டுவையர் பார்த்தார். பிடிவாதக்காரர், ஒவ்வொரு காராக எழுதத் தொடங்கினார். எழுத வேண்டுமானால் கட்டையைப் போட்டுப் பார்க்க வேண்டும், போட்டுப் பார்க்க மண்டியிட வேண்டும். மூன்றாவது காரிடம் சோளவண்டியிலிருந்து வடிந்த தண்ணீர் கிடந்தது. அதில் முழங்காலை வைத்துவிட்டார்.

"பாத்து சார், மிளகாத் தண்ணி" என்றார் சோளவண்டி அம்மா.

ரேடியோவில் அவருடைய மேலதிகாரி கத்துவது எங்களுக்கே கேட்டது. மாதாகோவில் வரைக்கும் வண்டிகள் நிற்கின்றன, பஸ் நிற்கிறது, தெருவை உடனே விடு. டுவையர் ஏதோ சொன்னார். "எத்தன பேரை இழுப்ப? உங்கிட்ட இருக்கறது ஒரு இழுவை வண்டி!" என்றது ரேடியோ.

"அதுவும் மாட்டிக்கிச்சு" என்றார் லைல், தன் வண்டிப் படியில் உட்கார்ந்து சோளம் தின்றபடி.

டுவையர் திரும்பி வந்தார். பேண்ட்டில் ஈரம். கட்டை கையில்.

"அந்த வால்வு. எவ்வளவு நேரம்?"

"ஒரு ஸ்பானர், ஒரு துணி" என்றேன்.

அவர் வேறு பக்கம் பார்த்தார். நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு டிக்கியைத் திறந்தேன். கார் தரையில் கிடந்ததால் குழாயில் அழுத்தமே இல்லை. எண்ணெய் நாலு சொட்டுத்தான் விழுந்தது. வால்வைக் கழற்றிக் குண்டை உள்ளங்கையில் உருட்டினேன். குண்டு சுத்தம். துளையின் விளிம்பில், மீன் செதில் போல, பளபளவென்று ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. குரோம்.

முன் பம்ப்பில் வால்வு பொருந்தியிருக்கும் உலோகத் தலைக்கட்டையை ஈஸ்டருக்குள் குரோம் பூசித் தருகிறேன் என்று நாச்சோ எடுத்துக்கொண்டு போயிருந்தான். நான் வெளியே மட்டும்தான் பூசியிருப்பான் என்று நினைத்தேன். பூசும்போது எண்ணெய் போகிற துளைகளை அடைப்பான் போட்டு மூடிவிடுவார்கள், உள்ளே பூச்சு ஒட்டாது, உரிந்து வரும் என்பதால்.

"நாச்சோ" என்று கூப்பிட்டேன். "துளைய அடைச்சுத்தானே குடுத்த?"

"இல்லண்ணே" என்றான் அவன் பெருமையாக. "உள்ளயும் பூசச் சொல்லிட்டேன்."

"உள்ள யாருடா பாக்கப் போறா?"

"யாரும் பாக்கமாட்டாங்க. ஆனா நமக்குத் தெரியுமில்ல?"

இந்தத் தப்பை உலகத்தில் வேறு யாரும் செய்யமாட்டார்கள். ஒஃபேலியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பின் பம்ப்புக்கும் பூசிட்டியா?"

"இல்ல அண்ணி, அது அடுத்த வாரம்."

"கைய வச்சே, கோழிக்கு பதிலா உன்ன அடைகாக்க வச்சிடுவேன்."

துணுக்கைத் துணியால் எடுத்து, வழியைப் பெட்ரோல் விட்டுக் கழுவி, குண்டையும் ஸ்பிரிங்கையும் போட்டு இறுக்கினேன். மீதிச் செதில்கள் நாளை உரியும், தலைக்கட்டையையே மாற்ற வேண்டும். அன்றைக்கு மட்டும் தாங்கினால் போதும். டுவையர் தலைக்கு மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குண்டு எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு விளக்கினேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அவர் கேட்டதுபோல் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் "அந்தச் சின்ன குண்டா?" என்று ஒரு தடவை கேட்டார்.

ஒஃபேலியா சட்டைக்குள்ளிருந்து சாவியை எடுத்தாள். சுவிட்சைத் தட்டினாள். பின்பக்கம் எழுந்தது, முன்பக்கம் எழுந்தது. பம்ப்பை நிறுத்தினாள்.

தெருவே அந்த முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சோளவண்டி அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

கார் நின்றது.

டுவையர் குனிந்து கட்டையைத் தள்ளினார். மறுபக்கம் வந்து விழுந்தது. எழுந்து கொஞ்ச நேரம் காத்திருந்தார். மறுபடி வேண்டுமென்றே மெதுவாகக் குனிந்து தள்ளினார். மறுபடியும் விழுந்தது. அவர் கட்டையை எடுத்துக்கொண்டார்.

"நிறுத்தினப்ப தாழ்ந்திருந்துது" என்றார்.

"எழுதுங்க" என்றாள் ஒஃபேலியா. "ரிப்பேர் பண்ண வேண்டிய கார்னு எழுதுங்க, பண்ணியாச்சு. இழுக்கறதுன்னா இப்பவே இழுங்க. ஆனா இப்ப சொல்றேன், உங்க லைல் கொக்கிய மாட்டறதுக்குள்ள நான் மறுபடி படுக்க வைப்பேன். அவங்களும் படுப்பாங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருப்போம், சோளம் இருக்கு. இது ஏலத்துக்குப் போற கார் இல்ல. கூடத்துல நிக்கிற காரும் இல்ல."

பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. லைல் சோளக் கட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு, "எனக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் போகணும் டுவையர்" என்றார்.

டுவையர், இழுத்த கணக்கில் சேராத ரிப்பேர் சீட்டு ஒன்றை மட்டும் எழுதிக் கிழித்து ஒஃபேலியாவிடம் நீட்டினார். மற்றவர்களுக்கு எழுதியதைக் கசக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை, பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நேரா வீட்டுக்குப் போகணும். பின்னாலயே வரேன். வழில ஒரு இஞ்ச் இறங்கினாலும் தூக்கிடுவேன்."

"வாங்க சார். ஆனா நான் மெதுவாத்தான் போவேன். பழைய கார்."

எல் கமீனோ எழுந்து வழிவிட்டது. ஒஃபேலியா நகர்த்தினாள். நடக்கிறவர்கள் எங்களைத் தாண்டிப் போகிற வேகம். போலீஸ் கார் எங்களுக்குப் பின்னால் விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்தது, அதே வேகத்தில். அதற்குப் பின்னால் பியூக் எழுந்து நகர்ந்தது, பிறகு மான்ட்டி கார்லோ, பிறகு மற்றவை. நடைபாதையில் குழந்தைகள் எங்களுக்குக் கையாட்டினார்கள், பிறகு டுவையருக்கும் ஆட்டினார்கள். சுழலும் விளக்கில் எல்லாக் குரோமும் சிவப்பும் நீலமுமாக மின்னியது.

நாச்சோ பின் கண்ணாடி வழியாகப் பார்த்தான். "போலீஸ் காரையும் ஒரு நாலு இஞ்ச் இறக்கினா நல்லாத்தான் இருக்கும் அண்ணி."

தெருவின் கோடியில் அவள் வீட்டுக்குத் திரும்புகிற முனை வந்தது. ஒஃபேலியா வேகத்தை இன்னும் குறைத்தாள். நான் முன் சக்கரத்துப் பக்கமே காதை வைத்திருந்தேன். எண்ணெய் ஓடுகிற சத்தம் இல்லை. குண்டு பிடித்திருந்தது.

"பிடிக்குதா கொம்பாத்ரே?"

"பிடிக்குது. ஆனா செதில் இன்னும் இருக்கும், எப்ப வேணாலும்—"

"இப்ப பிடிக்குதா?"

"இப்ப பிடிக்குது."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. முனையைச் சுற்றி வளைத்து, வந்த தெருவுக்கே எதிர்த்தடத்தில் காரைக் கொண்டுவந்தாள். பின்னால் டுவையர் ஒரு கணம் நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது, பஸ் ஹாரன் அடித்தது. பிறகு அவரும் திரும்பினார்.